மகள் வீடு மலை மேலே, ஸ்டேஷன் 173 அடி கீழே: முழங்கால் வலியோடு சமாளிக்க முடியுமா?

நங்கநல்லூர் ரிட்டயர்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் நியூயார்க்கில் டாக்டர், ரெசிடென்சி முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். ஆஸ்பத்திரி மான்ஹாட்டனின் வடக்குப் பக்கம், 168-வது தெருவில். வீடு இன்னும் வடக்கே, 191-வது தெருவும் செயின்ட் நிக்கோலஸ் அவென்யூவும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில். வாஷிங்டன் ஹைட்ஸ் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். பிரசவத்துக்கு உதவியாக நானும் என் மனைவியும் சித்திரை கழிந்ததும் கிளம்புகிறோம். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று. பொடி அரைக்கும் வேலைதான் பாக்கி.

போன வாரம் வீடியோ காலில் மகள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "அப்பா, வீடு மலை மேல இருக்கு. ஸ்டேஷன் மலைக்குள்ள இருக்கு. லிஃப்ட்ல இறங்கித்தான் ரயில் பிடிக்கணும்." எவ்வளவு ஆழம் என்று தேடிப் பார்த்தேன். 173 அடி, அதாவது 53 மீட்டர். நம் எல்ஐசி கட்டடமே 177 அடிதான். மவுண்ட் ரோடு கிளையில் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கட்டடத்தைத் தினமும் அண்ணாந்து பார்த்தவன் நான். அதை அப்படியே தலைகீழாகப் புதைத்து, அடியில் போய் ரயில் ஏற வேண்டும் என்றால் யோசனையாக இருக்காதா?

எனக்கு ஒன்றும் இல்லை. பிரச்சினை வீட்டம்மாவுக்கு. இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. ஆபரேஷன் செய்யச் சொல்லி வருஷக்கணக்காகிறது, அவள் பிடி கொடுக்கவில்லை. படியில் ஒரு காலை வைத்து, மறு காலைப் பக்கத்தில் கொண்டு வந்து சேர்த்துவிட்டுத்தான் அடுத்த படி. ஆலந்தூர் மெட்ரோவில் எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம், லிஃப்டில்தான் போவாள். அந்த லிஃப்டிலும் கதவு மூடினதும் கந்த சஷ்டி கவசம் ஆரம்பித்துவிடும். ஒரு தடவை சொந்தக்காரர் அபார்ட்மெண்டில் கரண்ட் போய் உள்ளே மாட்டிக்கொண்டதிலிருந்து இப்படி.

அந்த ஊரில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் என்ன வழி? மொத்தம் எவ்வளவு நடை, எவ்வளவு படி? அப்புறம் இது என் சொந்த அரிப்பு: மெட்ரோ என்றால் தெருவுக்குக் கீழே ஒரு மாடி, இரண்டு மாடி தோண்டினால் போதாதா? நூறு வருஷத்துக்கு முன்னால் எதற்காக இவ்வளவு ஆழம் போனார்கள்?

அயனாவரம் பையன் எழுதியது:

சார், எங்கள் பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து பஸ் எந்த வழியாகப் போகிறது என்று டிரைவருக்கே தெரியாமல் இருந்த நாட்கள் உண்டு. 53 மீட்டர் தோண்டியிருந்தால் நான் வேலைக்குப் போவதையே விட்டிருப்பேன். அந்த 191-வது தெரு ஸ்டேஷன்தான் உலகத்திலேயே ஆழமானதாம், வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள்.

வேளச்சேரி வைதேகி எழுதியது:

சார், உங்கள் மகள் இருக்கும் அதே மேட்டில்தான் நாங்களும் சில வருடம் குடியிருந்தோம். என் கணவருக்கும் அதே 168-வது தெருவில்தான் வேலை. பையன் அங்கேதான் பிறந்தான். அதனால் பிரசவத்துக்கு வந்த என் மாமியாரை அந்த ஸ்டேஷன் வழியாக அழைத்துப் போன அனுபவமும் உண்டு. அவருக்கும் முழங்கால்தான்.

லிஃப்டைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அபார்ட்மெண்டில் நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும் லிஃப்ட் இல்லை அது. குழந்தை வண்டி, சைக்கிள், துணி துவைக்கப் போகிறவரின் தள்ளுவண்டி, ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும். ஒன்றல்ல, நான்கு இருக்கின்றன. நான் இருந்த காலத்தில் ஒரு லிஃப்டில் எப்போதும் ஆள் இருப்பார். ஸ்டூலில் உட்கார்ந்து பட்டனை அவரே அழுத்துவார். என் மாமியார் மற்ற மூன்றும் திறந்து கிடந்தாலும் அந்த ஒன்று வரும்வரை காத்திருந்துதான் ஏறுவார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது, ஆனால் குழந்தை எப்படி இருக்கிறது என்ற விசாரணை மட்டும் தினமும் நடக்கும். 2018-ல் அந்த ஆட்களை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது அந்தப் பக்கத்து ஜனங்கள் பெரிய எதிர்ப்புக் காட்டினார்கள், அப்போதைக்கு நிறுத்தி வைத்தார்கள். இப்போது ஆள் இருக்கிறாரா என்பதை மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் ஸ்டேஷனுக்குள் கிடைக்கும். 2017 தொடக்கத்திலேயே நியூயார்க்கின் எல்லா சுரங்க ஸ்டேஷனிலும் வந்துவிட்டது.

நான்கு லிஃப்டும் ஒரே நேரத்தில் ஓடாவிட்டால் என்ன வழி என்று கேட்டால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அதுதான் அந்த ஸ்டேஷனின் விசேஷமே. லிஃப்ட் இறங்கும் மட்டத்திலிருந்து மேற்கே மலையைக் குடைந்து ஒரு நடைபாதை போகிறது. 900 அடிக்கு மேல் நீளம். அதன் வாய் பிராட்வே என்ற பெரிய ரோட்டில் திறக்கிறது. அங்கே ரோடு பள்ளத்தில் இருப்பதால் தெருமட்டத்திலிருந்து நடந்தே உள்ளே வரலாம். அதாவது லிஃப்டே இல்லாமல் வெளியே போக வழி உண்டு. யாரும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த வழியாக வெளியே வந்தால் வீடு மேட்டில் இருக்கும், நீங்கள் பள்ளத்தில் நிற்பீர்கள். அம்மாவுக்கு அந்த ஏற்றம் முடியாது, டாக்சிதான்.

அந்த நடைபாதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளமான குழாய் மாதிரி ஒரு பாதை, சுவர் முழுக்கக் கிறுக்கல். 2015-ல் நகரப் போக்குவரத்துத் துறை ஓவியர்களை வைத்து இரண்டு பக்கமும் வண்ண வண்ணமாக வரைய வைத்தது. அப்போது பார்க்க அத்தனை அழகு. பிறகு அதன் மேலேயே கிறுக்கிக் கிறுக்கி, 2023 ஜனவரியில் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டார்கள் என்று அங்கிருக்கும் தோழி படம் அனுப்பினாள். எனக்குப் பொறுக்கவில்லை. பகலில் கூட்டம் நடமாடும்போது போங்கள், ராத்திரி தனியாக வேண்டாம். சில பையன்கள் மோட்டார் பைக்கையே உள்ளே ஓட்டிக்கொண்டு வருவார்கள், ஓரமாக நடக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு முக்கியமான விஷயம். லிஃப்ட் பிளாட்பாரம் வரை போகாது. மேல் தளத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து டிக்கெட் கேட் தாண்டி பிளாட்பாரத்துக்குப் படி இறங்கித்தான் ஆக வேண்டும். 173 அடியை நினைத்து நீங்கள் கவலைப்படுகிறீர்கள், அது ஒன்றுமே இல்லை. கடைசியில் வரும் இந்தப் படிதான் அம்மாவுக்குத் தொந்தரவு. 181-வது தெருவிலும், 168-வது தெருவிலும், உங்கள் மகள் வீட்டு ஸ்டேஷனில் நிற்கும் இந்த 1-ஆம் நம்பர் ரயிலுக்கு இதே கதைதான்: லிஃப்ட் இருக்கும், படியும் இருக்கும்.

அதனால் அம்மாவோடு போகும்போது வாசலிலேயே எம்3 பஸ் பிடியுங்கள். செயின்ட் நிக்கோலஸ் அவென்யூ வழியாகவே தெற்கே போகும், 168-வது தெரு அதன் வழியில்தான். பஸ்ஸின் முன்பக்கத்தைத் தரையை நோக்கித் தாழ்த்தச் சொல்லிக் கேட்டால் டிரைவர் தாழ்த்துவார், ஏறுவது சுலபம். ஊருக்குள் தூரமாகப் போக வேண்டுமானால் ஏ ரயில், அது வேறு தடம். அதற்கு 175-வது தெருவிலும் 168-வது தெருவிலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரைக்குமே லிஃப்ட் உண்டு, ஒரு படி கூட வேண்டாம். சென்னை மெட்ரோ மாதிரி பிளாட்பாரத்தில் ஏசி, கண்ணாடிக் கதவு எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ரயிலுக்குள் ஏசி இருக்கும். ஆடி மாதத்தில் பிளாட்பாரத்தில் நிற்பது நம் மாம்பலம் ஸ்டேஷனில் நிற்பதைவிடப் புழுக்கம்.

சார், உங்களுக்கு நடை பிடிக்கும் என்றால் ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தப் பகுதியில் இரண்டு மேடு, நடுவில் பிராட்வே பள்ளம். கிழக்கு மேட்டில் உங்கள் மகள் வீடு. மேற்கு மேட்டின் வடக்கில் ஃபோர்ட் டிரையான் பூங்கா, அதற்குள் குளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகம், கீழே ஹட்சன் ஆறு, தெற்கே ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். காலையில் உட்கார அதைவிட நல்ல இடம் மான்ஹாட்டனில் நான் பார்க்கவில்லை. தெரு வழியாகப் போனால் ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், மூச்சு வாங்கிவிடும். அதற்குப் பதில் 191-வது தெரு லிஃப்டில் இறங்குங்கள், நடைபாதை வழியாகப் பிராட்வேக்கு வாருங்கள், ரோட்டைத் தாண்டி பென்னெட் அவென்யூவுக்குப் போங்கள். அங்கே ஏ ரயிலின் 190-வது தெரு ஸ்டேஷனுக்கு மலையடிவாரத்தில் ஒரு வாசல் இருக்கிறது. உள்ளே போய் அந்த லிஃப்டில் ஏறினால் மேற்கு மேட்டின் உச்சியில், பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். இரண்டு லிஃப்டுமே டிக்கெட் கேட்டுக்கு வெளியே இருப்பதால் காசே கிடையாது. ரயில் ஏறாமல் மலை ஏறுவதற்கு மட்டும் அந்த லிஃப்டைப் பயன்படுத்தும் ஜனங்கள் அங்கே நிறைய.

பொடி அரைப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், காய்கறிக்குக் கவலை வேண்டாம். டொமினிக்கன் ஜனங்கள் நிறைந்த இடம் அது. வாழைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். வெயில் காலத்தில் மாங்காயைச் சீவி, எலுமிச்சை பிழிந்து, உப்பு தூவி பிளாஸ்டிக் பையில் போட்டு விற்பார்கள். மெரினாவில் வாங்குவது போல மிளகாய்ப்பொடிதான் இருக்காது, அதை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.

மண்பரிசோதனை எழுதியது:

அய்யா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சுரங்க வேலைகளில் மண், பாறை பார்த்துச் சொல்வது என் தொழில். சென்னை மெட்ரோ வேலையிலும் கொஞ்ச காலம் இருந்தேன்.

நீங்கள் நங்கநல்லூர்க்காரர் என்பதால் சுலபமாகப் போயிற்று. பரங்கிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 300 அடி உயரம். ஜி.எஸ்.டி. ரோடு மட்டத்திலேயே ஒரு ரயில் பாதை நேராக வந்து, மலையைக் குடைந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறது என்று வையுங்கள். மலை உச்சியில் மாதா கோயிலைச் சுற்றி ஐந்தாறு மாடி வீடுகளாகக் கட்டி ஜனங்கள் குடியேறிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டும். எங்கே வைப்பீர்கள்? பாதை போகும் இடத்தில், மலையின் வயிற்றுக்குள். மேலே இருப்பவருக்கு அது 300 அடி ஆழம். அடிவாரத்திலிருந்து குகை வழியாக நடந்து வருபவருக்கு ஆழமே இல்லை. வைதேகி மேடம் சொன்ன பிராட்வே நடைபாதை இந்த இரண்டாவது வாசல்தான். ரயில் கீழே இறங்கவில்லை அய்யா, ஊர்தான் மேலே ஏறிவிட்டது.

ரயிலும் கூட மேலே ஏறலாமே என்பீர்கள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் போவதால் பஸ் ஏறுகிற மேட்டில் ரயிலால் ஏற முடியாது. நகர ரயிலுக்கு 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 53 மீட்டர் ஏற 1,750 மீட்டருக்கு மேல் பாதை வேண்டும், இறங்கவும் அதே அளவு. நடுவில் வரும் ஸ்டேஷன்கள் கிட்டத்தட்டச் சமதளமாக இருக்க வேண்டும். மின்சாரச் செலவு, பிரேக் தேய்மானம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலையைக் குடைவதே மேல்.

இதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் மகள் ஏறும் அதே 1-ஆம் நம்பர் ரயிலில் தெற்கே போனால், 125-வது தெருவில் ரயில் உயரமான இரும்புப் பாலத்தின் மேல் நிற்கும், தெரு கீழே கிடக்கும். அப்புறம் மறுபடி மண்ணுக்குள் போகும். 168, 181, 191 மூன்றும் மலைக்குள். அடுத்த ஸ்டேஷன் டைக்மன் தெரு, அங்கே ரயில் சுரங்கத்தின் வாயிலிருந்து வெளியே வந்து வெயிலில் நிற்கும். அதற்கு வடக்கே மறுபடி பாலம். பாதை பெரிதாக ஏறி இறங்குவதே இல்லை, தரைதான் அதற்கு மேலும் கீழுமாக அலைபாய்கிறது. அய்யா, ஒரு நாள் சும்மா முதல் பெட்டியில் ஏறி இந்த நான்கைந்து ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு வாருங்கள், என் விளக்கத்தை விட அது நன்றாகப் புரியும்.

பாறையும் காரணம். அங்கே அடியில் மான்ஹாட்டன் ஷிஸ்ட் என்னும் கெட்டியான பாறை. துளை போட்டு வெடி வைத்து உடைத்துக்கொண்டே போனார்கள். பாறை தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு ஆழத்தில் வேலை நடக்கும். அந்த நம்பிக்கை எப்போதும் பலிக்காது. 1903 அக்டோபர் 24 அன்று இதே சுரங்கத்தில் 300 டன் பாறை பெயர்ந்து விழுந்து 10 பேர் செத்துப்போனார்கள். வெடி வைத்த பிறகு மேலே விரிசல் விட்ட பாறை எந்த நேரத்திலும் இறங்கலாம். இன்றைக்கும் சுரங்கத்தில் எங்களுக்கு அதுதான் முதல் பயம். அந்த வழியில் ரயில் ஓட ஆரம்பித்தது 1906-ல். உங்கள் மகள் ஸ்டேஷன் மட்டும் 1911 ஜனவரி 14-ல் திறந்தார்கள். முதலில் மேலே போதுமான வீடுகள் இல்லை, ரயில் நிற்காமலே போய்க்கொண்டிருந்தது.

சென்னையில் இந்தக் கதை கிடையாது. ஊர் தட்டை. இங்கே ஆழம் போவதற்குக் காரணம் ஒரு பாதையின் கீழே இன்னொரு பாதை போவதுதான். மயிலாப்பூரில் மாதவரம்–சிப்காட் பாதையும் கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி பாதையும் சந்திக்கின்றன. அதனால் அடுக்கடுக்காகத் திட்டமிட்டு சுமார் 35 மீட்டர் வரை போகிறார்கள். எனக்குக் கேட்டால் மலைக்குள் 53 மீட்டரை விட, கச்சேரி ரோடு பக்கத்தில் 35 மீட்டர்தான் கஷ்டமான வேலை. இங்கே மணலும் களிமண்ணும், சில இடத்தில் திடீரென்று பாறைத்துண்டும் மாறி மாறி வரும். நிலத்தடி நீர் தலைக்கு மேலே நிற்கும். ஸ்டேஷனைக் கட்டுவது என்றால் தண்ணீருக்குள் ஒரு பெரிய கான்கிரீட் பெட்டியை இறக்குவது. முதலில் நாலு பக்கமும் தடுப்புச் சுவர், அப்புறம் உள்ளே தோண்டுதல், கீழே கனமான அடித்தளம். அடித்தளம் இலேசாக இருந்தால் அடியில் இருக்கும் தண்ணீர் பெட்டியை மேலே தள்ளப் பார்க்கும். பாறைக்குள் குடைபவனுக்கு இந்தத் தலைவலி குறைவு.

நல்ல பாறை நம்மிடம் இல்லாமல் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருப்பது சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற அந்தக் காலத்து ஆங்கிலேய வியாபாரியின் கல்லறைக்கல் இந்தப் பக்கத்துப் பாறை என்பதால் அந்தப் பெயர். புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலையில் அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனால் நம் மெட்ரோ அந்த மலைக்குள் போகவில்லை, பக்கத்தில் தூண் மேல் ஓடுகிறது.

அயனாவரம் தம்பிக்கு: அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள். 191-வது தெரு நியூயார்க் நகரத்தில்தான் முதலிடம். அமெரிக்காவிலேயே போர்ட்லாந்தில் வாஷிங்டன் பார்க் ஸ்டேஷன் 260 அடி, அதுவும் மலைக்குள். லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டுக்கு அடியில் 58 மீட்டர் ஆழத்தில் ஒன்று இருக்கிறது, அவசரப் படிக்கட்டில் 320 படி. சீனாவில் சோங்சிங் என்று முழுக்க முழுக்க மலை மேல் கட்டின ஊர், அங்கே 2022-ல் திறந்த ஹாங்யான்சுன் 116 மீட்டர். இந்தக் கணக்கில் உலகத்தையே எடுத்தால் நியூயார்க் எங்கேயோ பின்னால் நிற்கும்.

கீவ் ரிட்டன் எழுதியது:

மண்பரிசோதனை அண்ணா, எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே. நான் உக்ரைனில் எம்பிபிஎஸ் படிக்கப் போனவன். கீவ் நகரத்தில் அர்செனால்னா என்று ஒரு ஸ்டேஷன், 1960-ல் திறந்தது, 105.5 மீட்டர் ஆழம். ரொம்ப காலம் உலகத்திலேயே அதுதான் ஆழமானது என்று எங்கள் சீனியர் எல்லாப் புதுப் பையன்களையும் கூட்டிப்போய்க் காட்டுவார். அங்கேயும் அண்ணா சொன்ன கதைதான். நீப்பர் ஆற்றின் மேற்குக் கரை பெரிய மேடு. ஸ்டேஷன் மேட்டுக்கு அடியில். அடுத்த ஸ்டேஷன் பெயரே ட்னிப்ரோ, அந்த ஊர் பாஷையில் நீப்பர் ஆற்றின் பெயர். மலையை விட்டு வெளியே வந்து ஆற்றங்கரையில் பாலத்தின் முனையில் நிற்கும்.

அங்கே லிஃப்ட் கிடையாது, எஸ்கலேட்டர்தான். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. கீழே போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஐந்து நிமிஷம். முதல் தடவை போனபோது நான் கைப்பிடியைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. உள்ளூர்க்காரர்கள் அதற்குள் புத்தகம் படிப்பார்கள், முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். பாட்டிகள் ஒரு கையில் பையோடு அசையாமல் நிற்பார்கள். ஆலந்தூர் எஸ்கலேட்டருக்கே பயப்படும் ஆன்ட்டிக்கு நியூயார்க் லிஃப்ட் தேவலாம் என்று சொல்லுங்கள் அங்கிள். 2022-ல் போர் ஆரம்பித்தபோது கீவ் மெட்ரோ ஸ்டேஷன்களில்தான் ஜனங்கள் பாயும் போர்வையுமாகப் போய்ப் படுத்தார்கள். ஆழமாக வெட்டினது அந்த ராத்திரிகளில் உபயோகப்பட்டது.

நங்கநல்லூர் ரிட்டயர்டு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வைதேகி அம்மா, நீங்கள் எழுதினதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மிளகாய்ப்பொடி தனியாக அரைபடுகிறது. மகளிடம் லிஃப்டைப் பற்றிக் கேட்டேன், தினமும் கண்ணை மூடிக்கொண்டுதான் போகிறேன், கவனித்ததில்லை என்கிறாள். நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டே வருகிறவளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

மண்பரிசோதனை தம்பி, பரங்கிமலையைக் காலையில் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே உங்கள் பதிலை இரண்டாம் முறை படித்தேன். கேஷியருக்கு 3 சதவீதக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம் மட்டும். ஏர்போர்ட்டில் இறங்கினதும் பெட்டிகளோடு ரயிலில் வரச் சொல்கிறார் மாப்பிள்ளை, செலவு மிச்சம் என்று. முடியுமா? அப்புறம், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் தனியாக அந்த ஸ்டேஷனில் போய் வர முடியுமா?

வேளச்சேரி வைதேகி எழுதியது:

முதல் நாள் ரயிலே வேண்டாம் சார். நீண்ட பயணம், தூக்கம் கெட்டிருக்கும், ஆளுக்கு இரண்டு பெட்டி. ஜேஎஃப்கே ஏர்போர்ட்டிலிருந்து ஏர்டிரெயின் ஏறி, ஏ ரயில் பிடித்து, ஊரை முழுக்கக் குறுக்கே கடந்து வடக்கே வர வேண்டும். இளவட்டங்களுக்கு அது சரி. நீங்கள் மாப்பிள்ளையிடம் பதமாகப் பேசி டாக்சிக்குச் சம்மதிக்க வையுங்கள். உங்கள் மகளிடம் விட்டால் இன்னும் சுலபம்.

குழந்தை வண்டி விஷயத்தில் மேல் தளம் வரை பிரச்சினை இல்லை. பிளாட்பாரப் படியில் ஒருவர் முன் சக்கரத்தையும் ஒருவர் கைப்பிடியையும் பிடித்துத் தூக்க வேண்டும். நீங்கள் தனியாக நின்றால் கேட்காமலே யாராவது வந்து முன்பக்கத்தைப் பிடிப்பார்கள், அந்த வழக்கம் அங்கே உண்டு. ஆனாலும் உங்கள் வயதில் தினம் அதை நம்பிப் போகாதீர்கள். குழந்தையோடு என்றால் எம்3 பஸ், இல்லையென்றால் 175-வது தெருவுக்கு வந்து ஏ ரயில். சும்மா ஃபோர்ட் டிரையான் பூங்காவுக்கு நடை என்றால் நான் சொன்ன இரண்டு லிஃப்ட் வழியிலேயே போகலாம், ரயில் ஏறாததால் பிளாட்பாரப் படியே குறுக்கே வராது. கிளம்பும் முன் லிஃப்ட் ஓடுகிறதா என்று மகளை போனில் பார்க்கச் சொல்லுங்கள், எந்த லிஃப்ட் பழுது என்று தனியாகக் காட்டுவார்கள்.

தை மாதக் குளிர் வரைக்கும் நீங்கள் இருக்கப் போவதில்லை, ஐப்பசியிலேயே அந்த மேட்டில் காற்று பலமாக அடிக்க ஆரம்பிக்கும். அம்மாவுக்கு முழங்காலுக்கு மேல் வரை வரும் கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து வையுங்கள்.